ஆடி மாத டிராக்கும் ஊர்ச் சபையும்: சீரியல் நடிகையின் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதம் சுருக்கமாக: எழுதியவருக்கு 26 வயது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமம். அப்பா டயோசிசன் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். இவர் சின்ன வயதிலேயே பாடகர் குழுவில் சேர்ந்து அசனப் பண்டிகை, கன்வென்ஷன், கேரல் ரவுண்டு என்று எல்லாவற்றிலும் பாடி வளர்ந்தவர். சென்னையில் விஸ்காம் படித்து, டப்பிங், விளம்பரம் என்று ஆரம்பித்து, இப்போது ஒரு தினசரித் தொடரில் இரண்டு வருடமாகக் கதாநாயகியின் தங்கையாக நடிக்கிறார். சேனல் வைத்த வேறொரு பெயரில்தான் திரையில் வருகிறார். ஆடி மாதத்துக்காக அம்மன் டிராக் (கதைப் பகுதி) ஒன்று எழுதியிருக்கிறார்கள், அதில் இவருடைய பாத்திரத்துக்கு அருள் வந்து சாமியாட வேண்டும். மனசு கேட்கவில்லை, முடியாது என்று சொன்னார். புரொடக்‌ஷன் மேனேஜர், "விலகினால் 10 லட்சம் கட்டணும், ஒரு வருஷத்துக்கு வேற எங்கேயும் நடிக்க முடியாது" என்றாராம். இதற்கிடையே பொட்டும் தாலியுமாக இவர் வரும் ஒரு காட்சி ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, இனிமேல் பாடகர் குழுவில் நிற்க வேண்டாம், நற்கருணைக்கும் வர வேண்டாம் என்று சபையிலிருந்து அப்பாவிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். காட்சியைச் சட்டப்படி மறுக்கலாமா, 10 லட்சம் கட்ட வேண்டுமா, திரையில் கட்டிய தாலியாலும் பூஜையாலும் திருமணத்துக்கோ சாதிச் சான்றிதழுக்கோ சிக்கல் வருமா, திரைப்பெயரை அரசிதழில் மாற்ற வேண்டுமா, சபை மீது வழக்குப் போட முடியுமா என்பவை அவர் கேள்விகள். (அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்புச் சகோதரி,

வேலை ஒரு பக்கம், சபை ஒரு பக்கம், நடுவில் அப்பாவின் முகம் என்று நீங்கள் படும் பாடு கடிதத்தில் நன்றாகவே தெரிகிறது. நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது.

மேனேஜர் சொன்ன அந்த ஒரு வரி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "தனியா வந்து பேசு, சீனை எல்லாம் மாத்திக்கலாம்னு மேனேஜர் சொன்னார், நான் அதைப் பெருசா எடுத்துக்கலை." தயவுசெய்து பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது, நீங்கள்தான் அங்கே இருந்தீர்கள். ஆனால் அதை எனக்கு எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, அடுத்த வரியிலேயே அதன் பிறகு அவரோடு ஒரே வேனில் போவதைத் தவிர்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுவே எனக்குப் போதும்.

வேலையிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டம் மாதச் சம்பள ஊழியர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர், தினக்கூலிக்கு வருபவர் எல்லோரும் அதில் அடக்கம். ஷூட்டிங் வீடு மட்டுமல்ல, கம்பெனி அனுப்பும் வேனும் சட்டப்படி வேலையிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழு வைத்திருக்க வேண்டும். அப்படிக் குழு இல்லாவிட்டாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, கலெக்டர் அலுவலகம் மூலம் இயங்கும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். ஒவ்வொரு படத்தின் தயாரிப்பு யூனிட்டும் இந்தக் குழுவை அமைக்க வேண்டும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டலாம். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றி 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாய்ப்பையும் சலுகையையும் காட்டித் தனியாக அழைப்பது எப்படி நடக்கிறது என்பது அதில் பலருடைய வாக்குமூலமாகவே இருக்கிறது.

சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். உடனே புகார் கொடுங்கள் என்று நான் தள்ளவில்லை, அது உங்கள் முடிவு. ஆனால் இன்றைக்கே தேதி, நேரம், இடம், அவர் பயன்படுத்திய சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பதை எழுதி உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அவரோடு இனிப் பேச வேண்டியதை எல்லாம் வாட்ஸ்அப் செய்தியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இந்த விஷயத்தையும் சாமியாடும் காட்சி பற்றிய உங்கள் மறுப்பையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். கலந்தால் "சீன் பிடிக்காததால பழி போடுறாங்க" என்று சொல்ல அவர்களுக்கு நீங்களே வாய்ப்புக் கொடுத்தது போல ஆகிவிடும்.

"அரசியல் சாசனம் என் பக்கம் இருக்கிறதே?"

உங்கள் சித்தப்பா அனுப்பிய 1986 தீர்ப்பு எனக்கும் ரொம்பப் பிடித்த தீர்ப்பு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மனசாட்சிக்கு விரோதமாக வாயைத் திறக்க வைக்க முடியாது என்ற அளவில் அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் அங்கே எதிரில் இருந்தது கல்வித்துறை, அதாவது அரசு. 25ஆவது உறுப்பு தரும் மத சுதந்திரம் அரசை நோக்கியது. உங்கள் எதிரில் இருப்பது ஒரு தனியார் தயாரிப்பு நிறுவனம். அரசு வேலையில் மதத்தைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்று சாசனம் சொல்கிறது. தனியார் வேலையில் ஊழியரின் மத நம்பிக்கைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. எனவே "25ஆவது உறுப்புப்படி மறுக்கிறேன்" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அவர்கள் வக்கீல் ஒரே பத்தியில் பதில் எழுதிவிடுவார். இங்கே உங்கள் பலமும் பலவீனமும் நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த 14 பக்க ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நான் கிறிஸ்தவள் என்று தெரிந்தே இந்த டிராக்கை என் தலையில் கட்டினார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் உங்கள் கடிதத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆடி வந்தால் தொடர்களில் அம்மன் வருவது வருடா வருடம் நடப்பது. உங்கள் பாத்திரம் வீட்டுக்குச் சின்னப் பெண், பயந்த சுபாவம், அவளுக்கு அருள் வந்து வில்லியை மிரட்டினால் ரேட்டிங் ஏறும் என்று கதைக் குழு கணக்குப் போட்டிருக்கும். உங்களைப் புண்படுத்தவே செய்தார்கள் என்ற எண்ணத்தோடு பேசப் போனால் பேச்சு முதல் நிமிடத்திலேயே சண்டையாகிவிடும்.

அந்த 10 லட்சம்

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, முழுக்கப் படிக்கவில்லை, நகலும் தரவில்லை என்கிறீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது சட்டத்தில் தப்பிக்கும் வழி ஆகாது. கையெழுத்துக் கையெழுத்துதான். முதல் வேலையாக, உங்கள் ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நகல் வரும்வரை பொதுவாக இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

உங்களைக் கட்டாயப்படுத்தி நடிக்க வைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. ஒருவருடைய சொந்தத் திறமையைச் சார்ந்த வேலையை "செய்தே தீர்" என்று உத்தரவிடுவதில்லை, 1963ஆம் வருடக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை விட்டுவிட்டுப் போட்டிச் சேனலில் நடித்தால், அதற்குத் தடை உத்தரவு வாங்க முடியும். மேனேஜர் சொன்னதில் பாதி உண்மை இருப்பது இங்கேதான்.

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒரு வருடம் வேறெங்கும் நடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால், அது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர நிர்வாக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் பிழைப்புத் தேடுவதைக் கட்டிப்போடும் நிபந்தனை நிற்காது. ஆக, கேட்க வேண்டியது "ஒரு வருஷத் தடை உண்டா" என்பதை அல்ல, "என் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது" என்பதை. உங்கள் கடிதத்தில் அந்தத் தேதி இல்லை. இரண்டு வருட ஒப்பந்தமாக இருந்து அது ஏற்கெனவே முடிந்து, புதுப்பிக்காமலே நடித்துக்கொண்டிருந்தால் நிலைமையே வேறு.

அடுத்து பணம். ஒப்பந்தத்தில் 10 லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே 10 லட்சம் கட்ட வேண்டியதில்லை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி அந்தத் தொகை மேல் வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் முடிவு செய்யும். அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் வேண்டாம். புரோமோ ஓடிய பிறகு, செட் போட்ட பிறகு, பாதி டிராக்கை ஷூட் செய்த பிறகு நீங்கள் வராமல் நின்றால் அவர்களுக்கு உண்மையான நஷ்டம் இருக்கும், பில்லும் இருக்கும். இன்றைக்கே, கதைப் பேச்சு நிலையிலேயே மறுத்தால் காட்ட வேண்டிய நஷ்டம் மிகக் குறைவு. சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய சாதகம் இந்த நேரம்தான், அதை அழுகையிலும் தயக்கத்திலும் செலவழிக்காதீர்கள். அவர்கள் பக்கம் கையில் இன்னொன்றும் இருக்கிறது: உங்களுக்கு வர வேண்டிய பாக்கிச் சம்பளம். எத்தனை நாள் பேமெண்ட் நிற்கிறது என்று இப்போதே கணக்கெடுத்து வையுங்கள்.

உங்கள் கோடு எங்கே?

இது நான் தவிர்க்க முடியாத, கொஞ்சம் கடினமான பகுதி. இரண்டு வருடமாக நீங்கள் பொட்டு வைத்து, விளக்கேற்றி, கோலம் போட்டு, ஒரு வரலட்சுமி பூஜை எபிசோடிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். "அப்போது இல்லாத மனசாட்சி இப்போது எங்கிருந்து வந்தது" என்று அவர்கள் கேட்பார்கள், கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. "எல்லாவற்றுக்கும் மனசாட்சி உறுத்தியது, சொல்லாமல் இருந்தேன்" என்பது உங்கள் பதிலாக இருந்தால், இந்தத் தொழிலில் உங்கள் இடம் என்ன என்பதையே யோசிக்க வேண்டும். "ஒரு இந்துப் பெண்ணின் அன்றாட வாழ்க்கையை நடித்துக் காட்டுவதில் எனக்கு உறுத்தல் இல்லை, என் உடம்பில் தெய்வம் இறங்கியதாக நடிப்பது மட்டும் என்னால் முடியாது" என்பதுதான் பதில் என்றால் அது நேர்மையான, புரிந்துகொள்ளக்கூடிய கோடு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் உங்கள் நிலை என்று நினைக்கிறேன். அதை மூன்று வாக்கியத்தில், குரல் நடுங்காமல் சொல்ல முடிகிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.

டூப் வைத்து எடுக்கலாமே என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லாங் ஷாட்டில் வேறொருவர் ஆடி, குளோஸ்-அப்பில் உங்கள் முகத்தை மட்டும் எடுப்பது நடைமுறையில் நடப்பதுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உங்களுக்கு உறுத்துவது அந்தச் செயலைச் செய்வதா, செய்ததாக ஊர் பார்ப்பதா? டூப் முதலாவதைத் தீர்க்கும். ஊரில் யாரும் லாங் ஷாட், குளோஸ்-அப் என்று பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

கலைஞர்கள் இந்தக் கோட்டை வெவ்வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பாடகர் யேசுதாஸ் கர்நாடக இசை மேதை செம்பை வைத்தியநாத பாகவதரிடம் கற்று, வாழ்நாள் முழுக்க கீர்த்தனைகள் பாடினார். சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிப்பது அவர் குரல். அதே மனிதருக்கு குருவாயூர்க் கோவிலுக்குள் அனுமதி கிடைக்கவில்லை. அவர் போட்ட கோட்டில் நீங்களும் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, அவர் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்லவும் நமக்கு அதிகாரம் இல்லை. நான் வக்கீல், போதகர் அல்ல. வேதாகமத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் எஜமானோடு ரிம்மோன் கோவிலில் குனிய வேண்டியிருப்பதைப் பற்றித் தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்ட இடத்தை அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள் என்று மட்டும் சொல்வேன், ஞாயிறு பள்ளியில் படித்த கதைதான், இப்போது படித்தால் வேறு மாதிரி கேட்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

மேனேஜரைத் தாண்டி, கதையை முடிவு செய்யும் ஆளிடம் போங்கள். தொடரின் இயக்குநர், சேனல் தரப்பில் கதையைக் கவனிப்பவர், இருவருக்கும் ஒரே மின்னஞ்சல். அதில் நான்கு விஷயம் போதும்: இந்தத் தொடரை விட்டு விலகும் எண்ணம் எனக்கு இல்லை, இந்த ஒரு வகைக் காட்சியை மட்டும் என் மத நம்பிக்கை காரணமாகச் செய்ய இயலவில்லை, ஷூட்டிங் தொடங்கும் முன்பே தெரிவிக்கிறேன், மாற்று ஏற்பாட்டுக்கு முழுதாக ஒத்துழைப்பேன். முதல் வாக்கியம் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் நீங்களே ஒப்பந்தத்தை முறித்ததாக எழுதிக்கொள்வார்கள்.

மாற்று யோசனையையும் நீங்களே கொண்டு போங்கள். அருள் வருவது பெரியம்மா பாத்திரத்துக்கு, அதைக் கண்டு நடுங்கி நிற்பது உங்கள் பாத்திரம் என்று ஆனாலும் அந்த டிராக் ஓடும், நாடகத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் சீன் பேப்பர் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வேலையும் அல்ல. "முடியாது" என்று மட்டும் சொல்லும் நடிகையை விட, "இப்படிச் செய்யலாமே" என்று வரும் நடிகையோடு பேசுவது அவர்களுக்கும் சுலபம்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? உங்கள் பாத்திரத்தை வெளியூர் அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் "இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போடுவார்கள். அது நடக்கலாம், அதற்கு மனதளவிலும் கையிருப்பளவிலும் தயாராக இருந்துகொண்டு பேசுங்கள். அவர்களே உங்களை நீக்கினால் 10 லட்சக் கேள்வி அநேகமாகப் போய்விடும், பாக்கிச் சம்பளம் மட்டும்தான் மிச்சம். சின்னத்திரை நடிகர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் பேமெண்ட் தகராறுகளை அங்கே எடுத்துச் செல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. என்ன கோபம் வந்தாலும் இன்ஸ்டாகிராமில் வீடியோ போடாதீர்கள். "என் நம்பிக்கைக்கு இடமில்லை" என்று ஆரம்பிக்கும் பேச்சு அடுத்த வரியிலேயே அம்மன் வழிபாட்டைத் தாழ்த்திப் பேசுவதாக வெட்டி ஒட்டப்படும். பிற மதத்தினரின் உணர்வைப் புண்படுத்தியதாகப் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 299ஆவது பிரிவில் புகார் கொடுக்க யாராவது ஒருவர் போதும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஸ்டேஷன், முன்ஜாமீன் என்று ஒரு வருடம் போய்விடும்.

தாலி, சான்றிதழ், பெயர்

இவற்றுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. கேமரா முன் கட்டிய தாலியால் சட்டப்படி எந்தத் திருமணமும் ஆகாது, யார் சொன்னாலும் சரி. நடிப்பால் மதமும் மாறாது. 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெருமாள் நாடார் வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்குதான்: மதம் மாற உண்மையான எண்ணமும், அதைச் சந்தேகமின்றிக் காட்டும் நடத்தையும் வேண்டும் என்றது. சம்பளத்துக்கு நடித்த பூஜையில் அந்த எண்ணம் எங்கே இருக்கிறது? உங்கள் சாதிச் சான்றிதழுக்கும் இதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

சேனல் வைத்த பெயரைத் திரையில் பயன்படுத்த அரசிதழில் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. தூத்துக்குடி ஜோசப் பனிமயதாஸ்தான் சந்திரபாபுவாகத் திரைக்கு வந்தார், ஜே.பி. என்ற முதலெழுத்துகளில் பழைய பெயரும் கூடவே இருந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: அந்தத் திரைப்பெயர் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் இந்தத் தொடரை விட்டுப் போகும்போது உங்களைத் தெரிந்த பெயரையும் விட்டுவிட்டுப் போக வேண்டி வரும். ஒப்பந்தத்திலும் வங்கியிலும் பான் கார்டிலும் உங்கள் சொந்தப் பெயரே இருக்கட்டும்.

சபை செய்தது சரியா?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்த இடம் இதுதான். சாமியாட மாட்டேன் என்று வேலையையே பணயம் வைத்து நிற்கும் பெண்ணை, அது தெரியாமலே, விசுவாசத்தை விற்றவள் என்று ஊரில் பேசுகிறார்கள்.

சபையின் மீது வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1962இல் தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் தலைவர் தொடுத்த வழக்கில், சமூக விலக்கைத் தடை செய்த பம்பாய் மாகாணச் சட்டத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, மதக் காரணங்களுக்காக ஒருவரை விலக்குவது மதப் பிரிவின் உள்விவகாரம் என்று. அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது, ஆனாலும் பாடகர் குழுவில் இடம் வேண்டும், நற்கருணை வேண்டும் என்று சிவில் நீதிமன்றத்தில் கேட்டு வெல்வது மிகவும் கடினம். ஓட்டுரிமை, உறுப்பினர் பதிவு போன்றவற்றைப் பறித்தால் நிலைமை வேறு, அவற்றைச் சிவில் உரிமையாக வாதாட இடம் இருக்கிறது.

ஆனால் சபைக்குள்ளேயே உங்களுக்கு வழி இருக்கிறது. வாய்மொழியாக அப்பாவிடம் சொன்னது ஒரு முடிவே அல்ல. சி.எஸ்.ஐ. அமைப்புச் சட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கென்று விதிகள் இருக்கின்றன. உங்களைக் கேட்காமலே தண்டித்திருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் முதல் வாதம். சேகர குருவானவருக்கு (உங்கள் வட்டாரச் சபைகளின் போதகர்) மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: என் மீது என்ன குற்றச்சாட்டு, யார் முடிவு செய்தார்கள், நேரில் விளக்கம் தர எனக்கு எப்போது நேரம் தருவீர்கள். நகல் பேராயர் அலுவலகத்துக்கு. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிய அந்த ஆடியோவை அழித்துவிடாதீர்கள். அவதூறுப் புகாருக்கு அது போதுமானது, ஆனால் அதை இப்போது கையில் எடுக்காதீர்கள், அப்பா தினமும் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

குருவானவரிடம் பேசும்போது ஒரு பழைய விஷயத்தை நினைவூட்டலாம். திருச்சபைக்கும் மேடைக்கும் இந்த இழுபறி நேற்று வந்ததல்ல. 3ஆம் நூற்றாண்டில், நடிப்பை விட்டுவிட்டாலும் பிறருக்கு அதைக் கற்றுத்தந்து பிழைத்துக்கொண்டிருந்த ஒருவரைச் சபை ஐக்கியத்தில் வைத்திருக்கலாமா என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானிடம் இன்னொரு ஆயர் கேட்டார். கூடாது என்றுதான் அவர் பதில் எழுதினார், கண்டிப்பான மனிதர். ஆனால் அதே கடிதத்தில், அந்த ஆளுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் சபை சோறு போடட்டும், உங்கள் சபையால் முடியாதென்றால் எங்களிடம் அனுப்புங்கள், உணவும் உடையும் நாங்கள் தருகிறோம் என்றும் எழுதினார். வேலையை விடு என்று சொன்னவர் அவன் பிழைப்புக்கும் பொறுப்பேற்றார். உங்கள் சம்பளத்தில்தான் தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தடுத்த யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்களா? கோபமாக அல்ல, உண்மையாகவே இந்தக் கேள்வியை அவர்கள் முன் வைக்கலாம். நம் மண்ணில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்ற ஆட்ட வடிவத்தையே எடுத்துப் பெத்லகேமைப் பாடினார் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

அப்பாவிடம் மட்டும் முதலில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாமியாடும் காட்சியை நீங்கள் மறுத்தது அவருக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கமிட்டியில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது, சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பதால்தான்.

அடுத்த ஒப்பந்தத்தில்

இந்தத் தொடரிலேயே புதுப்பித்தாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, கோட்டைக் கையெழுத்துக்கு முன்னால் போடுங்கள். "என் மதத்துக்கு விரோதமான எதிலும் நடிக்க மாட்டேன்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை, எது விரோதம் என்று பிறகு சண்டைதான் வரும். காட்சியைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: "தெய்வம் அல்லது ஆவி இறங்கியதாக நடிக்கும் காட்சிகளில் கலைஞர் பங்கேற்க மாட்டார். அத்தகைய காட்சி திட்டமிடப்பட்டால் 10 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவித்து, இரு தரப்பும் மாற்று ஏற்பாட்டைப் பேசி முடிவு செய்ய வேண்டும். இதற்காகக் கலைஞர் மறுப்பது ஒப்பந்த மீறலாகக் கருதப்படாது." கடைசி வாக்கியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரிய வெள்ளி, ஈஸ்டர், கிறிஸ்மஸ் மூன்று நாட்களுக்குக் கால்ஷீட் கிடையாது என்றும் எழுதலாம். எல்லா ஞாயிறும் வேண்டும் என்று கேட்டால் தினசரித் தொடரில் ஒத்துக்கொள்வது சந்தேகம், காலை ஆராதனை முடிந்து 11 மணிக்கு மேல் வருவதாகக் கேட்டுப் பாருங்கள். சின்ன நடிகை இதையெல்லாம் கேட்க முடியுமா என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு வருடம் ஒரு முகத்தைத் தினமும் வீட்டுக்குள் அனுப்பிய பிறகு அந்த முகத்துக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும் காலம், பாத்திர மாற்றம், விலகல், திரைப்பெயர் இந்த நான்கும் வரும் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் விலகல் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மேனேஜர் வெற்றுத் தாளை நீட்டி "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று சொன்னாலும்.